பழைய காலத்துச் சாயலில் கல்யாணம்: நிறங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பினாங்கில் கல்யாணம் வைக்கும் இளசுகள் பலர் இப்போது "பழைய காலத்து மாதிரி வேண்டும்" என்கிறார்கள். உடனே டெக்கரேஷன்காரர் காட்டுவது வெளிர் ரோஸ், பழுப்பு, காய்ந்த புல். இது எந்த ஊர்ப் பழமையோ! நம் பாட்டிமார் கட்டியது அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்தும்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது, அவ்வளவே.

படி 1: புடவையை முதலில் முடிவு செய்யுங்கள்

பூ, திரை, அழைப்பிதழ் எல்லாவற்றையும் கடைசி நேரத்தில்கூட மாற்றலாம். மனசுக்குப் பிடித்த பட்டுப் புடவையை மாற்ற மனசு வராது. லெபோ பசார் பக்கம் புடவைக் கடைக்குப் போனால் காஞ்சிபுரம் கோர்வைப் பட்டு காட்டச் சொல்லுங்கள். அதில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை (குறுக்கு நூல்) போட்டு நெய்து கோத்திருப்பார்கள். அதனால் இரண்டு நிறமும் கலங்காமல், கோடு கிழித்தாற்போல நிற்கும். அந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கு உடல், பாசிப்பச்சைக் கரை என்றால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது நிறம் ஜரிகையில் இருக்கிறது: பளபளக்கும் தங்கம் வேண்டாம், கெம்புக்கல் நகையோடு ஒத்துப்போகும் மங்கிய பொன்.

வீட்டில் பழைய பட்டு இருந்தால் அதையும் கடைக்கு எடுத்துப் போங்கள். மடிப்பின் உள்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடத்தில்தான் அசல் நிறம் இருக்கும்.

படி 2: சுவரைப் பாருங்கள்

ஜார்ஜ் டவுன் பழைய கட்டடங்களுக்குச் சொந்த நிறம் உண்டு. லீத் தெரு நீல மாளிகையின் சுவர், சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியது. அதன் முன்னால் நீலப் புடவை கட்டினால் மணப்பெண் சுவரோடு கரைந்துபோவாள். அரக்கும் மஞ்சளும் எடுப்பாக நிற்கும். பெரானாக்கான் மாளிகையின் பச்சைக்குக் குங்குமச் சிவப்பு. 1885-இல் தொடங்கிய இ அண்ட் ஓ ஹோட்டல் வெள்ளை, அங்கே எதுவும் எடுபடும். சாதாரண மண்டபம் என்றால் சுவரைவிடக் கம்பளத்தைப் பாருங்கள். பூப்பூவாகப் போட்ட கம்பளம் உங்கள் நிறங்களை மொத்தமாக விழுங்கிவிடும்.

படி 3: அளவு

டெக்கரேஷன்காரர்கள் சொல்லும் 60-30-10 கணக்கு போதும். அறுபது பங்கு தந்த நிறம்: திரை, மேஜை விரிப்பு. முப்பது பங்கு புடவையின் முக்கிய நிறம்: மணவறைத் துணி, மாலை. பத்து பங்கு கரையின் நிறம், குத்துவிளக்கின் பித்தளை. சுத்த வெள்ளையை அறுபதுக்கு வைக்காதீர்கள். ஜரிகை அதன் பக்கத்தில் அழுக்காகத் தெரியும், பெரியம்மாவும் முகம் சுளிப்பார்.

படி 4: விளக்கில் சோதியுங்கள்

பலர் விட்டுவிடுவது இதைத்தான். கடையின் வெள்ளை விளக்கில் பார்த்த நிறம் மண்டபத்தில் அப்படியே இருக்காது. 3000 கெல்வின் அளவுள்ள மஞ்சள் ஒளியில் அரக்கு ஆழமாகும், நீலம் கறுத்துச் சாம்பலடிக்கும், தந்த நிறம் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். புடவை, திரை, விரிப்பு மூன்றிலும் உள்ளங்கை அளவுத் துண்டு வாங்கி ஓர் அட்டையில் ஒட்டுங்கள். பட்டுப் புடவையை வெட்ட முடியாது. ரவிக்கைத் துணியில் கொஞ்சம் போதும். ஒரு செவ்வந்தி இதழையும் பக்கத்தில் வையுங்கள். மண்டபத்தில் விளக்கு போடச் சொல்லி, அட்டையை மேடையில் வைத்து கைப்பேசியில் படம் எடுங்கள். காலையில் கோயிலில் முகூர்த்தம், இரவில் விருந்து என்றால் இரண்டு இடத்திலும் பாருங்கள்.

அப்புறம் அந்த அட்டையைப் பூக்காரர், தையல்காரர், டெக்கரேஷன்காரர் மூவரிடமும் காட்டுங்கள். வாயால் "மெரூன்" என்று சொன்னால் ஆளுக்கொரு மெரூன் வந்து சேரும். மேடைக்கு ஊதா எல்இடி வேண்டாம் என்பதை மட்டும் எழுதியே கொடுத்துவிடுங்கள்.