டிவியை ஸ்டீரியோவில் மாட்டினால் சத்தம் சரியில்லையா?

ஆசையாக ஒயரை மாட்டிவிட்டு, "இதற்கு டிவி ஸ்பீக்கரே தேவலாம்" என்று தோன்றினால், உடனே புது கேபிள் வாங்கக் கிளம்பாதீர்கள். கேபிள் மேல் விழும் பழி பெரும்பாலும் தவறான துளைக்கோ தவறான செட்டிங்குக்கோ சேர வேண்டியது.

முதல் வேலை, கோளாறு எந்தப் பக்கம் என்று பிரிப்பது. ஆம்ப் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். டிவியில் இருக்கும் முனையைக் கழற்றி, சார்ஜரில் மாட்டாத ஒரு போனின் ஹெட்போன் துளையில் செருகி, பழகிய பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். பாட்டு தெளிவாக வந்தால் ஆம்ப், ஒயர், ஸ்பீக்கர் மூன்றுமே நிரபராதிகள். ஒரு பக்கம் மட்டும் ஊமை என்றால், ஆம்பின் பின்னால் சிவப்பு, வெள்ளை முனைகளை இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமை மறுபக்கம் போனால் பழுது ஒயரில். போகாமல் அதே ஸ்பீக்கரில் நின்றால் ஆம்பிலோ ஸ்பீக்கரிலோ.

அடுத்து, எந்தத் துளை? டிவியின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளை துளைகள் பல மாடல்களில் உள்ளே வாங்குபவை; வெளியே எதையும் தராது. 'அவுட்' என்று எழுதியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை, நீலத்தோடு வரிசையில் நிற்கும் சிவப்பு, படத்துக்கானது. அதில் ஆடியோவைச் செருகிவிட்டு ஒரு பக்கம் கேட்கவில்லை என்பது அடிக்கடி நடக்கும். ஆம்பில் 'ஆக்ஸ்', 'சிடி', 'டேப் இன்' எதுவும் ஆகும். 'ஃபோனோ' மட்டும் ஆகாது. அது இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட்டை வாங்கி ஏறக்குறைய 100 மடங்கு பெருக்கி, பேஸைத் தூக்கி, ட்ரெபிளை அமுக்கித் தரும் இடம். அதற்குள் டிவி சிக்னல் போனால் குடத்துக்குள் கத்துவது போல வரும்.

இனி, பலரையும் குழப்பும் கோளாறு: இசையும் கைதட்டலும் கேட்கிறது, பேச்சு மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிறது. ஹெட்போன் துளையில் போகும் 3.5 மி.மீ. பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையங்கள் அதை மூன்றாகப் பிரிக்கும்: நுனி இடது, நடு வலது, அடி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். பின் முழுதாக உட்காராமல் அடிப்பகுதி தொடர்பு விட்டுப்போனால், ஆம்புக்குக் கிடைப்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பேச்சு இரண்டிலும் ஒரே மாதிரி பதிவாகியிருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. தீர்வு, 'டிக்' என்று விழும்வரை அழுத்துவது. பின்னின் பிளாஸ்டிக் உறை தடிமனாக இருந்து டிவி சட்டத்தில் இடித்தால், மெல்லிய உறை உள்ள ஒயர் வாங்க வேண்டியதுதான். மூன்று வளையம் உள்ள கேம்கோடர் ஒயர்களை இங்கே போடாதீர்கள்; அவற்றில் இணைப்பு வரிசையே வேறு. பின் சரியாக இருந்தும் பேச்சு மங்கல் என்றால், செட்-டாப் பாக்ஸ் 5.1 (பேச்சுக்கென்று நடுவில் தனிச் சேனல் வைத்த சரவுண்ட் ஒலி) தருகிறதா என்று பார்த்து 'ஸ்டீரியோ'வுக்கு மாற்றுங்கள்.

பேஸ் இல்லாமல் சப்பென்று, பேச்சு எந்த இடத்திலிருந்து வருகிறது என்றே பிடிபடாமல் இருந்தால், ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். ஆம்பை அணைத்துவிட்டு அந்த ஒரு ஸ்பீக்கரில் மட்டும் திருப்பி மாட்டுங்கள்.

ஹெட்போன் துளையிலிருந்து எடுக்கும்போது டிவி வால்யூம் 10-ல் கிடந்து ஆம்பை முறுக்கினால், சத்தத்தோடு 'ஸ்ஸ்' இரைச்சலும் ஏறும். டிவியை 70, 80 சதவீதத்தில் நிறுத்தி, கூட்டிக் குறைப்பதை ஆம்பில் வைத்துக்கொள்ளுங்கள். பலத்த காட்சிகளில் கரகரத்தால் டிவியை நாலைந்து படி இறக்கினால் போதும். செட்டிங்கில் சரவுண்ட், ஆட்டோ வால்யூம், குரல் தெளிவு எல்லாவற்றையும் அணையுங்கள். குட்டி ஸ்பீக்கருக்காகப் போட்ட ஒப்பனை அது, நல்ல ஸ்பீக்கரில் அசிங்கமாகத் தெரியும்.

ஆப்டிகல் வழி, அதாவது ஒலியை வெளிச்சமாகக் கடத்தும் கேபிள் என்றால், ஆம்பிலேயே ஆப்டிகல் துளை வேண்டும், இல்லையேல் நடுவில் ஒரு டிஏசி (டிஜிட்டல் சிக்னலை ஆம்ப் வாங்கும் சாதாரண ஆடியோவாக மாற்றும் பெட்டி). சத்தமே இல்லை, அல்லது கொரகொரவென்று இரைகிறது என்றால், டிவியில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிசிஎம்' (சுருக்காத டிஜிட்டல் ஒலி) ஆக்குங்கள். சாதாரண டிஏசிக்கு, சுருக்கி அனுப்பும் டால்பி ஒலியைப் பிரிக்கத் தெரியாது. கேபிள் நுனியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நிறைய பேர் கழற்றுவதில்லை. மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். இந்த வழியில் பல டிவிகளின் ரிமோட் வால்யூம் வேலை செய்யாது. அது கோளாறு அல்ல.

ஓயாத 'ம்ம்ம்' என்ற ஹம் வேறு கதை. டிவியும் ஆம்பும் இரண்டு வழியில் எர்த்தைத் தொடும்போது அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் அது. முதலில் இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டுங்கள். பிறகு டிவிக்கோ செட்-டாப் பாக்ஸுக்கோ வரும் ஆன்டெனா, கேபிள் ஒயரைக் கழற்றுங்கள். ஹம் நின்றால் வளையம் அந்த வழியில்தான். அதற்கு, அந்த வளையத்தைத் துண்டிக்கும் கேபிள் ஐசொலேட்டர் போடலாம். டிஷ் ஒயரில் மட்டும் வேண்டாம், டிஷ்ஷுக்குப் போகும் மின்சாரத்தை அது தடுத்துவிடும். ஆடியோ ஒயரில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வைப்பது இன்னொரு வழி. நமது தேர்வு ஆப்டிகல்தான். வெளிச்சத்தில் ஹம் ஏறாது. ஹம்மை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. உயிருக்கு ஆபத்து.

கடைசியாக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். டிவியில் இருக்கும் 'ஆடியோ டிலே' பெரும்பாலும் சத்தத்தைத் தள்ளிப்போடத்தான் உதவும். சத்தம் பிந்தி வந்தால் அதை 0-க்குக் கொண்டுவாருங்கள். ப்ளூடூத்தில் இணைத்திருந்து அப்போதும் பிந்தினால், ஒயருக்குத் திரும்புங்கள்.