கிரான் டூரிஸ்மோ 7: அரிய கார்களைச் சேர்க்கத் தொடங்குவது எப்படி?

2022 மார்ச்சில் பிளேஸ்டேஷனுக்கு வெளிவந்த கார் ரேஸ் வீடியோ கேமான கிரான் டூரிஸ்மோ 7 விளையாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட கார்கள் இருந்தன. அடுத்தடுத்த அப்டேட்களில் அது ஐந்நூறைத் தாண்டிவிட்டது. இவற்றில் பெரும்பாலானவற்றை நினைத்த நாளில் வாங்கலாம். ஆனால் ஒரு சில கார்கள் கடைக்கு எப்போதாவதுதான் வரும், வந்தால் சில நாள்தான் இருக்கும், விலையோ கோடியில். புதிதாக ஆடுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கூட, அந்தக் கார் வரும் நாளில் கையில் கிரெடிட் (விளையாட்டுக்குள் ஓடும் பணம்) இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஆக, இந்த விளையாட்டில் அரிய காரைப் பிடிப்பது ஓட்டும் திறமையைவிடக் கையிருப்பைச் சார்ந்தது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கையிருப்பை எப்படிச் சேர்ப்பது, எங்கே செலவழிக்கக்கூடாது, எதற்கு முதலில் செலவழிப்பது என்பதுதான்.

தொடங்கும் முன் ஒன்று: தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு வேண்டும். கடைகளின் சரக்கு, உங்கள் கிரெடிட் எல்லாம் சர்வரில்தான் இருக்கின்றன.

படி 1: நான்கு வாசல்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கார் உங்கள் கேரேஜுக்கு வர நான்கு வழிகள் உண்டு.

பிராண்ட் சென்ட்ரல் என்பது புது கார் ஷோரூம். 2001-க்குப் பிந்தைய மாடல்கள் இங்கே இருக்கும். இவை ஓடிப்போகாது, அவசரமே வேண்டாம். விதிவிலக்கு, ஃபெராரி, புகாட்டி, பகானி போன்றவற்றின் உச்ச மாடல்கள் சில. அவற்றைப் பார்க்கலாம், வாங்க முடியாது. அதற்கு அந்த நிறுவனத்தின் அழைப்பிதழ் கையில் இருக்க வேண்டும்.

யூஸ்டு கார்ஸ் பழைய கார் கடை. சரக்கு தினமும் கொஞ்சம் மாறும். எண்பதுகள், தொண்ணூறுகளின் ஜப்பானியக் கார்களை விரும்புகிறவர்களுக்கு இதுதான் கோவில்.

லெஜெண்ட் கார்ஸ், இந்தப் பதிவின் நாயகன். அமெரிக்காவில் பழம்பெரும் கார்களுக்குக் காப்பீடு தரும் ஹேகர்ட்டி நிறுவனத்துடன் சேர்ந்து நடத்தப்படும் கடை. நிஜ உலகச் சந்தையை ஒட்டி இங்கே விலை அவ்வப்போது ஏறும், இறங்கும். அதிகபட்ச விலை 2 கோடி கிரெடிட்.

நான்காவது, பரிசு. மெனு புக், லைசென்ஸ், மிஷன், ரூலெட் (அதிர்ஷ்டச் சக்கரம்) டிக்கெட் என்று பல வழிகளில் கார் இலவசமாக வரும்.

படி 2: கஃபேயை முதலில் முடியுங்கள், பர்ஸை மூடி வையுங்கள்

தொடக்கத்தில் டொயோட்டா ஆக்வா, ஹோண்டா ஃபிட், மஸ்டா டெமியோ என்ற மூன்றில் ஒன்றை வாங்கச் சொல்வார்கள். எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. அதன்பின் விளையாட்டில் லூக்கா என்ற பாத்திரம் நடத்தும் கஃபேக்குப் போங்கள். அவர் தரும் மெனு புக் ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்று கார்களைச் சேர்க்கச் சொல்லும். சொல்லப்படும் ரேஸ்களில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் போதும், கார் உங்களுடையது. முதலிடம் கட்டாயமில்லை.

முதல்முறை ஆடுபவர்கள் இங்கே செய்யும் செலவு தேவையே இல்லாதது. மெனு கேட்கும் காரை, ரேஸ் ஓடச் சோம்பல்பட்டு, கடையில் காசு கொடுத்து வாங்குவார்கள். பரிசாக வரப்போகும் காருக்கு ஏன் பணம்? டயர் மாற்றுவது, சின்ன டியூனிங் பாகங்கள் வாங்குவது, அவ்வளவு செலவு போதும். முதன்மையான 39 மெனுக்களையும் முடித்தால்தான் நிறையக் கிரெடிட் தரும் ரேஸ்கள் முழுசாகத் திறக்கும்.

கூடவே லைசென்ஸுக்கான ஓட்டுநர் தேர்வுகளையும் முடித்துவிடுங்கள். நேஷனல் பி முதல் சூப்பர் வரை ஐந்து நிலை. ஒரு நிலையில் எல்லாத் தேர்விலும் வெண்கலம் வாங்கினால் ஒரு கார், எல்லாவற்றிலும் தங்கம் வாங்கினால் இன்னொரு கார். தங்கத்துக்காக இப்போதே மல்லுக்கட்ட வேண்டாம். வெண்கலத்தோடு நகருங்கள்.

படி 3: கடையை எட்டிப் பார்க்கும் பழக்கம்

தினமும் ஒரு நிமிடம் போதும். யூஸ்டு கார்ஸ், லெஜெண்ட் கார்ஸ் இரண்டையும் திறந்து பாருங்கள். அன்று ஆட நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

காருக்குப் பக்கத்தில் சில நேரம் ஒரு சின்ன அறிவிப்பு இருக்கும். அறிவிப்பு எதுவும் இல்லையென்றால் இன்னும் சில நாள் இருக்கும் என்று பொருள். சரக்கு குறைவு என்று வந்துவிட்டால் கிளம்பப் போகிறது, இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும். விற்றுத் தீர்ந்தது என்று வந்தால் கார் அங்கேயே கண்முன் நிற்கும், வாங்க மட்டும் முடியாது. வயிற்றெரிச்சல்தான். லெஜெண்ட் கடையில் ஒருமுறை விட்ட கார் மறுபடி வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

யூஸ்டு கடையில் வாங்கும்போது ஓடிய கிலோமீட்டரைப் பாருங்கள். அதிகம் ஓடிய காரை வாங்கினால் ஜிடி ஆட்டோ என்ற பட்டறையில் ஆயில் மாற்றி, எஞ்சினையும் பாடியையும் சரிசெய்ய வேண்டிவரும். அதற்கும் கிரெடிட் போகும். ஆனால் அரிதான கார் என்றால் கிலோமீட்டரைப் பார்த்துத் தயங்காதீர்கள். நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34-இன் நூர் பதிப்பு ஓர் உதாரணம். நூர்பர்க்ரிங் டிராக்கின் பெயரைச் சுமந்து, நிஜத்தில் சுமார் 1,000 மட்டுமே தயாரான கார் அது. கண்ணில் பட்டால் எடுத்து வைத்துவிட்டு, பழுதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: சம்பாதிக்கும் கணக்கு

மெனுக்கள் முடிந்தபின் திறக்கும் வேர்ல்டு டூரிங் கார் ரேஸ்கள்தான் வருமானத்துக்கு முதுகெலும்பு. டோக்கியோ எக்ஸ்பிரஸ்வேயில் நடக்கும் 600 பிபி (காரின் திறன் மதிப்பெண், கீழே சொல்கிறேன்) ரேஸில் முதலிடத்துக்கு 5,50,000 கிரெடிட். எங்கும் இடிக்காமல் முடித்தால் சுத்தமான ரேஸுக்கான போனஸ் பாதி கூடும், ஆக 8,25,000. பிரான்சின் லெ மான்ஸ் டிராக்கில் 30 நிமிடம் ஓடும் 700 பிபி ரேஸுக்கும் இதே தொகை. பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஒரு மணி நேரம் ஓடும் ரேஸுக்குப் போனஸோடு 15 லட்சம்.

2 கோடி கார் ஒன்றுக்கு 8,25,000 வீதம் கணக்குப் போட்டால் 25 ரேஸ். ஒவ்வொன்றும் அரை மணி என்றால் பன்னிரண்டரை மணி நேரம். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குபவருக்கு இது ஒன்றரை மாத வேலை. கடையில் அந்தக் கார் மறுபடி வரவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகலாம். அதனால்தான் கார் வந்தபின் சம்பாதிக்க ஓடுவது பலிக்காது. முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

பிபி என்பது காரின் திறனைக் காட்டும் ஒரு மதிப்பெண். 600 பிபி ரேஸுக்கு 600-க்கு மேல் போகாத கார்தான் வேண்டும். மதிப்பெண் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் டியூனிங் கடையில் எஞ்சின் சக்தியைக் குறைக்கும் பவர் ரெஸ்டிரிக்டரும் எடைக்கல்லும் வாங்கிப் போட்டு இறக்கிக்கொள்ளலாம். மலிவான வேலை, ஆனால் புதியவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது.

டோக்கியோ ரேஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், போனஸ் போவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், வெளியே விலக ஓர் அடி மண் கிடையாது. கண்ணாடி உரசினாலே போனஸ் போச்சு. சில நேரம் பின்னால் வருகிறவர் முட்டினாலும் போய்விடும். முதல் சுற்றில் முண்டியடிக்காதீர்கள். நேரான சாலையில் மட்டும் தாண்டுங்கள், வளைவில் ஒருவர் பக்கத்தில் இருந்தால் விட்டுக்கொடுத்துப் பின்னால் வாருங்கள். உங்கள் கார் வேகமானதாக இருந்தால் அடுத்த நேரான சாலையில் அவரைத் தாண்டத்தான் போகிறீர்கள்.

அடுத்தது பெட்ரோல். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபூவல் மேப்பை, அதாவது எஞ்சின் பெட்ரோல் குடிக்கும் அளவை, 1 முதல் 6 வரை மாற்றலாம். 1-ல் முழு வேகம், 6-ல் நல்ல சிக்கனம். முன்னிலை பெற்றபின் 6-ல் வைத்து, கியரைச் சற்று முன்னதாகவே மாற்றி ஓட்டினால் ஒரு பிட் ஸ்டாப் (பெட்ரோல், டயருக்காக நடுவில் நிறுத்துவது) மிச்சமாகும். நடுவில் மழை பிடித்தால் அதற்கேற்ற டயரை முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். வாங்காத டயரைப் பிட்டில் போட முடியாது.

இந்த ரேஸ்கள் அலுத்தால் சர்க்யூட் எக்ஸ்பீரியன்ஸ் பக்கம் போகலாம். ஒரு டிராக்கைத் துண்டு துண்டாகப் பழகி எல்லாவற்றிலும் தங்கம் வாங்கினால் நல்ல தொகை தருவார்கள், ஒருமுறை மட்டும். டிராக்கும் பழகும், கிரெடிட்டும் சேரும். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

பிளேஸ்டேஷன் கடையில் கிரெடிட்டை நிஜப் பணத்துக்கும் விற்கிறார்கள். மிகப் பெரிய பொட்டலம் 20 லட்சம், அமெரிக்காவில் 19.99 டாலர். 2 கோடி காருக்குப் பத்துப் பொட்டலம், ஏறக்குறைய 200 டாலர். விளையாட்டை வாங்கிய விலையைவிட அதிகம். பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: எதை முதலில் வாங்குவது?

கையில் முதல் 2 கோடி சேர்ந்ததும் ஃபெராரி 250 ஜிடிஓ மேல் கண் போகும். போகாதா பின்னே! 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது. அவற்றில் ஒன்று 2018-ல் கலிஃபோர்னியாவில் ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. மெக்லாரன் எஃப்1-உம் அப்படித்தான். மொத்தம் 106 கார்கள், ஓட்டுநர் இருக்கை நடுவில்.

ஆனால் முதல் கொள்முதலாக இவற்றை நான் சொல்ல மாட்டேன். 250 ஜிடிஓ ஓட்ட அழகான கார், சம்பாதிக்க உதவாது. சேமிப்பு முழுவதையும் அதில் கொட்டிவிட்டால் மறுநாள் வேறொரு கார் வந்து நிற்கும்போது கை சுத்தமாகக் காலி. முதலில் விலை குறைந்த, ரேஸில் உழைக்கக்கூடிய லெஜெண்ட் காரை எடுங்கள். மஸ்டா 787பி எனக்குப் பிடித்த தேர்வு. 1991-ல் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனத்தின் கார், நான்கு ரோட்டர் எஞ்சின். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கலாம். 800 பிபி ரேஸ்களுக்கு ஏற்றபடி இறக்கிக்கொண்டால் போட்ட காசை அதுவே திருப்பித் தரும்.

அடுத்த இலக்காக மூவரணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஃபோர்டு மார்க் 4, ஃபெராரி 330 பி4, ஜாகுவார் எக்ஸ்ஜே13. மூன்றும் சேர்ந்தால் ஒரு பிளேஸ்டேஷன் டிராஃபி கிடைக்கும். விளையாட்டு வெளியானபோது முறையே 40 லட்சம், 90 லட்சம், 1.2 கோடி, மொத்தம் 2.5 கோடி. இன்றைய விலையைக் கடையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் ஏன் சேர்த்தார்கள் என்று தெரிந்தால் சேர்ப்பதில் ருசி கூடும். மூன்றுமே அறுபதுகளில் லெ மான்ஸை வெல்ல உருவானவை. 1967 பிப்ரவரியில் டேடோனா 24 மணி நேர ரேஸில், ஃபோர்டின் சொந்த நாட்டிலேயே, ஃபெராரி முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. ஜூன் மாதம் லெ மான்ஸில் டான் கர்னியும் ஏ. ஜே. ஃபாய்ட்டும் ஓட்டிய மார்க் 4 வென்று கணக்கைத் தீர்த்தது. மேடையில் ஷாம்பெயினைக் குலுக்கி எல்லார் மீதும் பீய்ச்சியடிக்கும் வழக்கத்தை கர்னி தொடங்கி வைத்தது அன்றுதான். எக்ஸ்ஜே13 பாவம், ஒரே ஒரு கார்தான் செய்தார்கள், ஒரு ரேஸிலும் ஓடவில்லை. 1971-ல் படப்பிடிப்புக்காக ஓட்டியபோது விபத்தில் நொறுங்கி, பிறகு மீண்டும் கட்டப்பட்டது. நிஜத்தில் போட்டியிடவே இல்லாத காரை இங்கே நீங்கள் லெ மான்ஸிலேயே ஓட்டலாம்.

ஒரு காரை வாங்கியபின் கையில் குறைந்தது 50 லட்சமாவது மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இது என் அளவுகோல். அதிகம் சேர்ந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம், 10 கோடி வரை வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் அந்த வரம்பு 2 கோடிதான், 2022 ஏப்ரல் அப்டேட்டில் உயர்த்தினார்கள்.

படி 6: ரூலெட்டும் அழைப்பிதழும்

ஒரே நாளில் 42 கிலோமீட்டர், அதாவது ஒரு மாரத்தான் தூரம், ஓட்டினால் ரூலெட் டிக்கெட் கிடைக்கும். எந்த ரேஸில் ஓட்டினாலும் கணக்கில் சேரும். சக்கரத்தில் கார் பளபளக்கும், ஊசி பெரும்பாலும் சின்னக் கிரெடிட்டில் போய் நிற்கும். இதை நம்பித் திட்டம் போடாதீர்கள், வந்தவரை லாபம். வாராந்திரச் சவால்களை முடித்தாலும் டிக்கெட்டுகள் வரும், அவை கொஞ்சம் மேல்.

முன்பு சொன்ன அழைப்பிதழ்கள் இந்த ரூலெட்டில் விழும். காலாவதி தேதி போட்டிருந்தால் கவனியுங்கள். ஃபெராரி அழைப்பிதழ் விழுந்த நேரத்தில் கேரேஜில் இருபது ஹோண்டா சிவிக்கும் கையில் பத்தாயிரம் கிரெடிட்டும் இருந்தால் பயனில்லை.

விற்பது பற்றி

கார்களை விற்கும் வசதி பிறகு வந்த ஓர் அப்டேட்டில்தான் சேர்ந்தது. ஒரு லெஜெண்ட் காரை விற்று இன்னொன்றை வாங்கும் யோசனை மட்டும் வேண்டாம். கிடைக்கும் தொகை அடுத்ததற்குப் போதாது, விற்ற காரும் சீக்கிரம் திரும்ப வராது. ரூலெட்டில் ஒரே கார் இரண்டாம் முறை வந்தால் தயங்காமல் விற்றுவிடுங்கள். விற்கும் முன் எது வெறும் கார், எதில் டியூனிங் பாகங்கள் மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் பட்டியலில் ஒரே பெயரில்தான் இருக்கும்.