திருவிருந்துக்கு முன் பத்து நாள்: கட்டளைகளை வைத்து ஜெபிக்கும் முறை

ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளைகளை மனப்பாடமாக ஒப்புவித்த பலருக்கு, அதன்பின் அவற்றோடு தொடர்பே இருப்பதில்லை. ஆராதனையில் வாசித்தால் "ஆமென்" சொல்வதோடு சரி. அவற்றைத் தினசரி ஜெபத்துக்குள் கொண்டுவர ஒரு பழைய வழி உண்டு. ஜெபிப்பது எப்படி என்று கேட்ட தன் நாவிதர் பேத்துருவுக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1535இல் எழுதிக்கொடுத்த வழி அது. ஒவ்வொரு கட்டளையையும் நாலு புரி மாலையாக முறுக்கச் சொன்னார்: போதனை, நன்றி, அறிக்கை (செய்த பாவத்தை ஒப்புக்கொள்வது), விண்ணப்பம்.

சபையார் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து ஞாயிறுக்குப் பத்து நாள் முன்னே வரும் வியாழனன்று தொடங்குங்கள். நாளுக்கு ஒரு கட்டளை, பதினைந்து நிமிடம். சனிக்கிழமை இரவு பத்தும் முடிந்துவிடும். எண்ணிக்கையில் மட்டும் கவனம் தேவை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் விக்கிரகத்தைப் பற்றியது தனியே இரண்டாம் கட்டளை. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் அதை முதல் கட்டளையோடு சேர்த்து, கடைசியில் இச்சையைப் பற்றியதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். அதனால் "களவு செய்யாதிருப்பாயாக" என்பது ஒருவருக்கு எட்டாவது, இன்னொருவருக்கு ஏழாவது. உங்கள் சபை எண்ணுகிறபடியே போங்கள். (இந்தக் கணக்கில் ஓய்வுநாள் கட்டளை சி.எஸ்.ஐ.காரருக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் மற்ற இருவருக்கும் சனிக்கிழமையிலும் வந்து விழும்!)

எந்த நாளானாலும் அன்றைய கட்டளைக்கு நேரே போகக் கூடாது. முதலில் யாத்திராகமம் 20:2ஐ வாய்விட்டு வாசியுங்கள்: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." செங்கடலைக் கடந்த பிறகுதான் கட்டளைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலை வருகிறது. விடுவித்துவிட்டுத்தான் தேவன் கட்டளை கொடுக்கிறார். கைக்கொண்டால் விடுவிக்கிறேன் என்று அவர் பேரம் பேசவில்லை. சீர்திருத்த சபைகளின் விசுவாசப் பாடநூலாக 1563இல் வெளியான ஹைடல்பர்க் வினாவிடையும் கட்டளைகளை "நன்றி" என்ற பகுதியில்தான் வைத்திருக்கிறது. இந்த வசனத்தைத் தாண்டிப் போகிறவர்கள் மூன்றாம் நாளே சோர்ந்துவிடுவார்கள், அல்லது தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

இனி நாலு புரி. களவைப் பற்றிய கட்டளையையே எடுத்துக்கொள்வோம்.

போதனை: இது எதைத் தடுக்கிறது, எதைச் செய்யச் சொல்கிறது? பூட்டை உடைப்பது மட்டும் களவல்ல. கூலிக்காரனின் கூலியைப் பொழுதுபோகுமுன் கொடுக்கச் சொல்கிறது உபாகமம் 24:15. வீட்டுவேலை செய்பவருக்குச் சம்பளத்தை இழுத்தடிப்பதும், வாங்கிய கைமாற்றை மறந்ததுபோல் இருப்பதும் இதற்குள் வரும். பெண் வீட்டாரிடம் கேட்டு வாங்கும் வரதட்சணையை இங்கே வைப்பதா, இச்சையில் வைப்பதா என்று கேட்டால், இரண்டிலும் வைக்கலாம்.

நன்றி: இந்தக் கட்டளை உங்கள் வீட்டையும் உழைப்பையும் காக்கிறது. உங்களிடம் நேர்மையாக நடந்துகொண்ட ஒருவரை நினைத்து நன்றி சொல்லுங்கள்.

அறிக்கை: "நான் பாவி" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். யாரிடம், எதை, எவ்வளவு என்று சொல்லுங்கள். ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் வலிந்து தேட வேண்டாம், அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

விண்ணப்பம்: நாளைக்குள் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்துக்குப் பெலன் கேளுங்கள்.

அறிக்கையை முதலில் வைக்கிற பழக்கம் பலரிடம் உண்டு. வைத்தால் பதினைந்து நிமிடத்தையும் அதுவே விழுங்கிவிடும், நன்றி பேருக்கு ஒரு வரியாகிவிடும்.

மற்ற கட்டளைகளில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. "கொலை செய்யாதிருப்பாயாக" என்பதை அரை நிமிடத்தில் தாண்டிவிடுவோம். மத்தேயு 5:21-22ஐச் சேர்த்து வாசித்தால் கோபமும் வசைச்சொல்லும் உள்ளே வந்துவிடும். பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளைக்கு மாற்கு 7:9-13 தேவை: காணிக்கை என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைத் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்ட பகுதி அது. கட்டட நிதிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு அம்மாவின் மருந்துச்செலவை அண்ணன் தலையில் கட்டுகிறவர்கள் அன்று நிதானமாக வாசிக்கட்டும். ஓய்வுநாளுக்கு உபாகமம் 5:14-15ஐ எடுங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது அது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்காக யார் அடுப்படியிலேயே நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பொய்ச்சாட்சி நாளன்று வாட்ஸ்அப்பைத் திறந்து, அந்த வாரம் பிறரைப் பற்றி நீங்கள் முன்னனுப்பியதில் எது உண்மையென்று தெரியும் என்று பாருங்கள்.

இன்னொரு தவறு, கட்டளையை அடுத்தவர்மேல் வைத்துப் பார்ப்பது. ஜெபத்தில் மாமியார் பெயரோ சபை மூப்பர் பெயரோ குற்றச்சாட்டாக வந்தால் நிறுத்திவிட்டு, மறுபடி யாத்திராகமம் 20:2இலிருந்து தொடங்குங்கள். எதிர்ப்பக்கத்தில், மன்னிக்கப்பட்ட ஒன்றையே நாள்தோறும் கிளறி, திருவிருந்துக்கே போகப் பயப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் இதைத் தனியாகச் செய்வது நல்லதல்ல. போதகரோடு உட்கார்ந்து அறிக்கையிட்டு, மன்னிப்பின் வார்த்தையை இன்னொருவர் வாயால் கேட்பது உதவும்.

பத்து நாளில் ஏதாவது திருப்பிக் கொடுக்கவேண்டியது தெரியவந்தால், திருவிருந்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மத்தேயு 5:23-24 காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது. எவ்வளவு கொடுப்பது? எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது: 1,000 ரூபாய் என்றால் 1,200. இன்றைய கிறிஸ்தவருக்கு இது சட்டமல்ல, ஆனாலும் நல்ல அளவுகோல். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனான சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, தருவதாகச் சொன்னான். வாங்கவேண்டியவர் இறந்திருந்தால் அவருடைய உறவினரைத் தேடுங்கள். அப்படி யாருமே இல்லாவிட்டால் அது கர்த்தருக்கு என்கிறது எண்ணாகமத்தின் அடுத்த வசனம் (5:8). காணிக்கை உறையில் உங்கள் பெயரை எழுதாமல் போட்டுவிடுங்கள்.