குழாய் இருந்தது, கடிதம் இல்லை

கோஸ்டா ரிக்காவில், உவீட்டா பக்கத்து மலைச்சரிவில் வீடு கட்ட மனை வாங்கினேன். வேலியோரம் நீலக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. திறந்தால் தண்ணீர் கொட்டும். அதை நம்பியதுதான் தப்பு. அந்த மனைக்குக் குடிநீர் உண்டு என்று உறுதி சொல்லும் 'தண்ணீர்க் கடிதம்' இல்லாமல் நகராட்சி கட்டட அனுமதி தராதாம். விற்றவர் காட்டிய கடிதமோ பிரிக்கப்படாத பழைய பெரிய மனைக்கு உரியது; என் துண்டின் சர்வே வரைபட எண் அதில் இல்லை.

அங்கே கிராமங்களில் குடிநீரைப் பார்த்துக்கொள்வது அசாதா என்ற ஊர்க்குழு. ஆள் அனுப்பாமல் நானே வரைபடத்தோடு போனேன். என் அரைகுறை ஸ்பானிஷைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் மறுவாரமே வந்து குழாயில் அழுத்தம் அளந்தார்கள். மூன்றாம் வாரம் என் வரைபட எண்ணோடு புதுக் கடிதம் கைக்கு வந்தது. அப்புறம்தான் கட்டடக் கலைஞர் அனுமதிக்கே விண்ணப்பித்தார். அதுவரை விற்றவருக்கான கடைசித் தவணையை வழக்கறிஞரிடமே நிறுத்தி வைத்திருந்தேன்.