மாரிமழையில் கூம்பு பில்டர்: வன்னி வீதிகளில் ஓடும் கார்களுக்கு

காருடன் வந்த எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ பில்டரைப் பொருத்தியவர்கள், ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது நனைந்தால் எஞ்சின் பழுதாகுமா? ஈரக்காற்றாலும் பில்டரின் மேல் விழும் சில துளிகளாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. வானத்திலிருந்து விழும் மழையைவிட, முன்சக்கரம் வாரி இறைக்கும் நீரும், வீதியில் தேங்கி நிற்கும் நீரும், எதிரே வரும் பஸ் அடித்துவிட்டுப் போகும் நீருமே ஆபத்தானவை. ஆகவே எந்தத் துணியால் பில்டரை மூடலாம் என்று யோசிப்பதற்கு முன்னர், அது காரின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

காருடன் வரும் பெட்டி பார்வைக்கு வெறும் பிளாஸ்ரிக்தான். ஆனால் அதன் காற்று வாய் பெரும்பாலும் ரேடியேட்டரின் மேல் விளிம்பை ஒட்டி உயரத்தில் இருக்கும். உள்ளே நுழையும் காற்று வளைந்து செல்லும்போது கனமான நீர்த்துளிகள் சுவரில் மோதி வடியும். பல கார்களில் அந்த நீர் வெளியேற அடியில் ஒரு சிறு துளையும் இருக்கும். கூம்பு பில்டருக்கு மாறும்போது நாம் இழப்பது இந்த ஏற்பாட்டைத்தான். எஞ்சின் அறைக்குள்ளேயே குட்டைக் குழாயில் நிற்கும் பில்டருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. நீண்ட குழாய் வழியாக பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்கு முன்னால் இறக்கி வைக்கப்பட்ட பில்டருக்குக் குளிர்ந்த காற்று கிடைப்பது உண்மைதான். ஆனால் அது தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலேதான் நிற்கும், வன்னி மாரிக்கு அது ஒத்துவராது.

எவ்வளவு நீர் உள்ளே போனால் கேடு என்பதைக் கணக்குப் போட்டே அறியலாம். 4 சிலிண்டர் கொண்ட 1500 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 375 சிசி. பிஸ்டன் கீழே நிற்கும்போதுள்ள இடத்துக்கும் மேலே வந்தபின் எஞ்சும் இடத்துக்குமான அமுக்க விகிதம் 10:1 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது எஞ்சியிருக்கும் இடம் ஏறத்தாழ 42 மில்லிலீற்றர், அதாவது மூன்று மேசைக்கரண்டிக்கும் குறைவு. காற்றைப் போல நீரை அமுக்க முடியாது. அந்த அளவுக்கு மேல் நீர் ஒரே சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டன் முழுவதும் மேலே வர முடியாமல் முட்டி நிற்கும், பிஸ்டனைத் தாங்கும் கொன் ரொட் என்ற தண்டு வளையும்.

நீர் எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்டறிய, எஞ்சினை நிறுத்தி நன்றாக ஆறவிட்டு, பில்டரைச் சுற்றிப் பழைய பத்திரிகைத் தாளை ஒரு சுற்றுச் சுற்றி நூலால் கட்டுங்கள். பொனட்டை மூடிவிட்டு, தோட்டக் குழாயால் முதலில் கிரில்லிலும், பின்னர் முன்சக்கர வளைவுக்குள்ளும், கடைசியாக முன்கண்ணாடியின் அடிப்பகுதியிலும் தனித்தனியாக நீர் அடித்து, ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள். தாளில் ஈரம் எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கமே அடைக்க வேண்டிய வழி. சேர்விஸ் நிலையத்து அழுத்தக் குழாயால் இதைச் செய்ய வேண்டாம். அது மழை போகாத இடத்துக்கும் நீரைச் செலுத்திவிடும். சோதனை முடிந்ததும் தாளை மறக்காமல் அகற்றிவிட்டே எஞ்சினை இயக்க வேண்டும்.

பெரும்பாலும் குற்றவாளி சக்கர வளைவுதான். மட்கார்ட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் தகட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் வீதிகளில் ஓடும் கார்களில் கல் அடித்து அதன் கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று, ஒரு மூலை தொங்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளி ஒரு கையளவு இருந்தாலே போதும், சக்கரம் எறியும் செம்மண் நீர் நேராகப் பில்டரில் போய் அப்பும். புதிய கிளிப்புகள் மலிவானவை. தகடு உடைந்திருந்தால் முழுத் தகட்டையும் மாற்றுங்கள். அடுத்து, வைப்பருக்குக் கீழே உள்ள நீரோடும் பள்ளத்தைத் திறந்து பாருங்கள். மரநிழலில் நிற்கும் காரில் வேப்பஞ்சருகு அதன் துளைகளை அடைத்துவிடும். அதன் பின்னர் நீர் நிரம்பி எஞ்சின் அறைக்குள் வழியும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி வைத்திருப்பவர்கள் அதைத் திரும்பப் பூட்ட வேண்டும்.

இவை சரியான பின்னரும் ஈரம் வந்தால் பில்டரைச் சுற்றித் தகட்டு மறைப்பு ஒன்று செய்யலாம். அலுமினியத் தகட்டை மூன்று பக்கமும் வளைத்து, மேல்விளிம்பில் ரப்பர் பட்டி வைத்து, பொனட் மூடும்போது அதனுடன் படியும்படி கராஜில் செய்விக்கலாம். காற்று நுழையும் பக்கம் சக்கரத்தை நோக்கியிருக்கக் கூடாது. மறைப்பின் அடியில் 5 மில்லிமீற்றர் அளவில் ஒரு வடிதுளை இருக்கட்டும். ஆனால் பில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் எக்காரணம் கொண்டும் துளை போடக் கூடாது. அந்தத் துளை வழியாக வடிகட்டப்படாத தூசி நேரே சிலிண்டருக்குள் போகும். காற்றின் அளவும் பிசகும்.

நீரை விலக்கும் துணியுறைகள் கடைகளில் கிடைக்கின்றன. தெறிக்கும் துளிகளை அவை நன்றாகவே தடுக்கும். நீரில் மூழ்கினால் தடுக்கா. ஷொப்பிங் பையால் பில்டரை மூடிக்கொண்டு ஓடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம், எஞ்சின் அதை உறிஞ்சி இழுக்கும்.

வன்னிக்கே உரிய இன்னொரு தொல்லை தூசி. ஆடி, ஆவணியில் வீசும் சோளகக் காற்றில் பில்டரில் படிந்த செம்மண் முதல் மழையில் நனைந்தால் சேறாகிக் காற்றை அடைத்துவிடும். மழையைக் குறைசொல்லும் பலருடைய பில்டரில் உண்மையில் இருப்பது கோடைத் தூசிதான். எனவே புரட்டாதி முடிவதற்குள், வெயில் இருக்கும்போதே கழுவுங்கள். எண்ணெய் பூசும் பருத்தி பில்டராக இருந்தால் அதற்குரிய திரவத்தைத் தெளித்து ஊறவிட்டு, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாக நீர்விட்டுக் கழுவி, நிழலில் தானாகக் காயவிட வேண்டும். காற்றுக் குழாயால் ஊதினால் பருத்தி கிழியும். முழுவதும் காய்ந்த பின்னரே, அளவோடு எண்ணெய் பூச வேண்டும். நீர் புகாது என்ற நம்பிக்கையில் அதிகமாகப் பூசினால், மிகுதி எண்ணெய் காற்றளவு சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து எஞ்சின் நடுங்கும். செயற்கை நார் கொண்ட உலர் பில்டருக்கு எண்ணெய் பூசவே கூடாது.

என்னைக் கேட்டால், ஐப்பசி நடுவிலிருந்து தை வரை பழைய பெட்டியையே திரும்பப் பூட்டுவதுதான் அறிவு. எஞ்சினின் இரைச்சல் குறையும் என்பது சிலருக்குக் கவலையாக இருக்கலாம். எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது பொறுக்கக்கூடிய கவலை. பெட்டியைப் பூட்டும்போது சென்சார் வயர்களும், எஞ்சினிலிருந்து வரும் சிறு ஆவிக்குழாயும் உரிய இடத்தில் சேர்ந்துள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூம்பு பில்டருடனேதான் ஓட வேண்டும் என்பவர்கள் அதன் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அளந்து மனதில் வைத்திருக்க வேண்டும். இரணைமடுவின் வான்கதவுகள் திறந்திருக்கும் நாட்களிலோ, பரந்தன்–முல்லைத்தீவு வீதியின் தாழ்வான இடங்களில் நீர் நிற்கும்போதோ, அந்த உயரத்தின் பாதிக்கு மேல் நீர் இருந்தால் இறங்க வேண்டாம். கார் ஓடும்போது முன்னால் எழும் அலை, நிற்கும் நீரைவிட உயரமானது. தாம்போதியில் நீர் பாய்ந்துகொண்டிருந்தால் உயரக் கணக்கே செல்லாது, காத்திருக்கவே வேண்டும். ஏ9 வழியாக மழையில் வருபவர்கள் முறிகண்டியில் எப்படியும் நிறுத்துவார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த கையோடு பொனட்டைத் திறந்து, எஞ்சின் நின்ற நிலையில் பில்டரைத் தொட்டுப் பாருங்கள். மேலே ஈரக்கசிவு மட்டும் என்றால் போகலாம். பிழிந்தால் நீர் வடியும் அளவு என்றால் காயவிடாமல் புறப்படக் கூடாது.

நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்ப வேண்டாம். ஆட்களைப் பிடித்துத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, பற்றரி இணைப்பைக் கழற்றி, பில்டரை எடுத்து, குழாயின் உட்சுவரைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அங்கே நீர் இருந்தால் காரை இழுத்துச் சென்று கராஜில் விட வேண்டும். மெக்கானிக் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றுவார். எண்ணெய் அளக்கும் கம்பியில் பால் கலந்தது போன்ற நிறம் தெரிந்தால், எண்ணெயையும் எண்ணெய் பில்டரையும் மாற்றிய பின்னரே எஞ்சினை இயக்க விடுங்கள்.