ஜவ்வரிசி வேகும்போது உடைவது எது?

சேலத்தில் ஜவ்வரிசியை அறியாத பிள்ளை கிடையாது. ஊறிய வெள்ளை மணிகள் கொதிநீரில் கிளறக் கிளறக் கண்ணாடிபோல் ஆகின்றன. நடுவில் ஒரு வெண்புள்ளி மட்டும் மிஞ்சும். அதுவும் மறைந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். "இங்கே உடைந்தது எது?" என்று வகுப்பில் கேட்டால், "ஸ்டார்ச் மூலக்கூறு" என்று பதில் வருகிறது.

பதினொன்றாம் வகுப்பு விடைத்தாள்களில் நான் அதிகம் திருத்துவது இந்தத் தவறைத்தான். ஸ்டார்ச்சின் நீண்ட சங்கிலிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே இருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் எனும் மெல்லிய ஈர்ப்புகள் தளர்கின்றன. அந்த இடத்தில் நீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ள, மணி உப்புகிறது. தண்ணீர் கொதிக்கும்போதும் மூலக்கூறு சிதைவதில்லை. ஒரு மோல் நீரை, அதாவது சுமார் 18 கிராமை, ஆவியாக்கச் சுமார் 41 கிலோஜூல் போதும். அதையே தனித்தனி அணுக்களாகப் பிரிக்க 900 கிலோஜூலுக்கும் மேல் வேண்டும். ஆகவே "பிணைப்பு உடைகிறது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். மூலக்கூறுக்கு உள்ளேயா, மூலக்கூறுகளுக்கு இடையிலா என்பதைச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது. மலைமேல் ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமாகிவிடுகிறது என்று எழுதிய மாணவி ஒருத்தி உண்டு. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் குறைவது காற்றழுத்தம்தான். யோசித்து எழுதிய விடை என்பதால் அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பிணைப்பு முனைவுற்றது (ஒரு முனையில் சிறிது நேர்மின்சுமை, மறுமுனையில் சிறிது எதிர்மின்சுமை கொண்டது) என்றாலே மூலக்கூறும் முனைவுற்றது என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. சோடாவில் நுரைக்கும் கார்பன் டை ஆக்சைடில் இரண்டு பிணைப்புகளும் முனைவுற்றவையே. ஆனால் நேர்கோட்டில் எதிரெதிராக இழுப்பதால் மூலக்கூறின் மொத்த முனைவைக் காட்டும் இருமுனைத் திருப்புத்திறன் பூஜ்யம். நீர் மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைந்திருப்பதால் அதற்கு 1.85 டிபை (திருப்புத்திறனின் அலகு). வடிவத்தை வரையாமல் முனைவைப் பற்றிப் பேசவே கூடாது.

முனைவு கூடினால் கொதிநிலையும் கூடும் என்ற நம்பிக்கையும் கைகொடுக்காது. ஹைட்ரஜன் குளோரைடு ஹைட்ரஜன் அயோடைடைவிட அதிகம் முனைவுற்றது; ஆனால் முன்னது −85 டிகிரியில் கொதிக்கிறது, பின்னது −35 டிகிரியில். அயோடினின் பெரிய எலக்ட்ரான் மேகம் எளிதில் உருக்குலைவதால், அங்கே லண்டன் விசை (எலக்ட்ரான் மேகம் கணப்பொழுது ஒருபுறம் சாய்வதால் எழும் ஈர்ப்பு) ஓங்கி நிற்கிறது. முனைவற்ற மூலக்கூறுகளுக்கு மட்டுமே உரியது அந்த விசை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஹைட்ரஜன் இருக்கும் இடமெல்லாம் ஹைட்ரஜன் பிணைப்பு என்றும் எழுதாதீர்கள். அந்த ஹைட்ரஜன் புளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றில் ஒன்றோடு இணைந்திருக்க வேண்டும். நான்கு ஹைட்ரஜன்களை வைத்திருந்தும் மீத்தேன் −161 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.