கேக்கிற பாட்டை வச்சு மூளையை அளக்கிறது: கீபோர்ட் படிப்பிக்கத் தொடங்கிறவை விடுற பிழைகள்

போன சனிக்கிழமை பின்னேரம் கிளாஸ் முடிஞ்சு பிள்ளைகள் வெளிக்கிட்டுக்கொண்டிருக்கேக்க வாசலில ஒரு கதை காதில விழுந்துது. எனக்கு உதவியா சின்ன ஆக்களுக்குப் படிப்பிக்கிற தங்கச்சி (என்னட்டைப் படிச்ச பிள்ளைதான், இப்பதான் தனியா ரெண்டு மூண்டு பேரை எடுக்கத் தொடங்கியிருக்கிறா) ஒரு அம்மாவுக்குச் சொல்லுறா, "ஆன்ட்டி, பிள்ளை நல்ல கெட்டிக்காரி, ஆனா கேக்கிறது முழுக்க மொக்குப் பாட்டு, அதை நிப்பாட்டினாத்தான் மூளை வேலை செய்யும்" எண்டு. அந்த அம்மாவும் டொக்டர் மருந்து எழுதித் தந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டு நிக்கிறா. பிள்ளை செருப்பைப் போடாமக் கையில பிடிச்சுக்கொண்டு நிலத்தைப் பாக்குது.

இதே வசனத்தை, கிட்டத்தட்ட ஒரு சொல்லும் மாறாம, கொழும்பு வெள்ளவத்தையில நான் கிளாஸ் தொடங்கின காலத்தில நானும் சொல்லியிருக்கிறன். அதாலதான் இதை எழுதுறன். விரல் எப்பிடி வைக்கிறது, பெடல் எப்ப எடுக்கிறது, மெட்ரோனோம் இல்லாம ஏன் பழகக் கூடாது எண்டதெல்லாம் எல்லாரும் சொல்லித் தருவினம், அதை நான் தொடேல்லை.

மோட்சார்ட் போட்டா மூளை வளரும் எண்டு சொல்லிப் பிள்ளை சேக்கிறது

நோட்டீஸில அப்பிடிப் போடுறவை இருக்கினம். அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் எக்ஸாம் வருசத்தில அம்மா அப்பாமார் எதையும் நம்புவினம், அந்த நம்பிக்கையில காசு எடுக்காதேங்கோ. நடந்தது இவ்வளவுதான்: 1993இல கலிபோர்னியாவில ரோஷர் எண்ட ஆராய்ச்சியாளரும் அவவின்ர ஆக்களும் 36 யுனிவர்சிட்டி பிள்ளைகளுக்கு மோட்சார்ட் ரெண்டு பியானோவுக்கு எண்டு எழுதின சொனாட்டா ஒண்டை 10 நிமிசம் போட்டுக் காட்டிப்போட்டு, காகிதத்தை மடிச்சு வெட்டினா விரிக்கேக்க எப்பிடி இருக்கும் எண்ட மாதிரிக் கேள்வி குடுத்தவை. கொஞ்சம் கூடச் செய்தவை. 10, 15 நிமிசத்தில அது இல்லாமப் போயிட்டுது. கைக்குழந்தை ஒண்டும் அதில இல்லை. ஆனா 1998இல அமெரிக்காவின்ர ஜோர்ஜியா மாநில கவர்னர், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கிளாசிக்கல் சீடி குடுக்க 105,000 டொலர் கேக்கிற அளவுக்குக் கதை வளர்ந்துட்டுது.

அதுக்குப் பிறகு வந்ததை யாரும் நோட்டீஸில போடுறதில்லை. ஷெல்லன்பெர்க்கும் ஹாலமும் 2005இல எழுதினது, இங்கிலாந்தில 10, 11 வயசுப் பிள்ளைகள் 8,000 பேருக்குக் கிட்ட, ஒரு கூட்டத்துக்கு மோட்சார்ட், ஒரு கூட்டத்துக்குப் பொப் பாட்டு, ஒரு கூட்டத்துக்குச் சும்மா பேச்சு. அதே காகித மடிப்புக் கேள்வியில பொப் கேட்ட பிள்ளைகள்தான் கூடச் செய்ததுகள். காரணம் லேசு, தனக்குப் பிடிச்சதைக் கேட்டா பிள்ளை உற்சாகமா இருக்கும், உற்சாகமா இருக்கேக்க கொஞ்ச நேரம் எல்லாம் நல்லாச் செய்யும். அதில மோட்சார்ட்டுக்குத் தனிச் சக்தி ஒண்டும் இல்லை.

கேக்கிற பாட்டை வச்சு மூளையை அளக்கிறது

இதுதான் நான் சொல்ல வந்தது. இப்பவும் யாராவது இதைச் சொல்லிக் கேட்டா எனக்குக் கோவம் வரும்.

நான் படிப்பிக்கத் தொடங்கி மூண்டாம் வருசம், கொட்டாஞ்சேனையில இருந்து அப்பாவோட பஸ்ஸில வாற ஒரு பெடியன், 12 வயசு. கிளாஸில கதைக்க மாட்டான். என்ன பாட்டுப் பிடிக்கும் எண்டு கேட்டா பைலா (இலங்கையில கலியாண வீடுகளில ஆடுற துள்ளல் பாட்டு), பஸ்ஸில போடுற சிங்களப் பாட்டு, தமிழில எண்டா குத்துப் பாட்டு. அந்த நேரம் எனக்கு மினுவெட் எண்ட பழைய ஐரோப்பிய நடன இசையில ஒரு பைத்தியம், எல்லாருக்கும் அதையே குடுத்தன், மூண்டு எண்ணிக்கைத் தாளம். இவன் ஒவ்வொரு கிழமையும் அழுத்தத்தைப் பிழையான இடத்தில குடுப்பான். ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு போக வேண்டியது இவன்ர கையில வேறொண்டா ஆடிக்கொண்டு போகும். எண்ணத் தெரியாது எண்டு நான் முடிவு கட்டிட்டன்.

தன்ர முறை வரும் வரைக்கும் வாங்கில இருந்து பிளாஸ்டிக் ஃபைல் கவரில தட்டிக்கொண்டிருப்பான். இடக்கையில ரெண்டு தட்டு, அந்த ரெண்டு தட்டு விழுற நேரத்துக்குள்ள வலக்கையின்ர மூண்டு விரல் மாறி மாறி மூண்டு தட்டு, ரெண்டும் ஒண்டா முடியும், பிறகு நாலு சுத்துக்கு ஒருக்கா கையை மாத்துவான், மாத்திற இடத்தில ஒரு துளி பிசகாது. எனக்கு அது சத்தம். "அதை நிப்பாட்டு" எண்டு சொல்லுவன், நிப்பாட்டுவான், அஞ்சு நிமிசத்தில தன்னை அறியாமத் திரும்பத் தொடங்குவான்.

ஒருநாள் அவன்ர அப்பாட்டைச் சொன்னனான், "இந்தப் பாட்டுகளைக் கேக்கிற மூளைக்கு இது ஏறாது, முதல்ல கேக்கிறதை மாத்துங்கோ." பெடியன் பக்கத்தில நிண்டவன். அந்த மனுசன் "சரி சேர்" எண்டு சொல்லி அந்த மாசக் காசை முழுசா எண்ணித் தந்துட்டுப் போனவர். அடுத்த கிழமை வரேல்லை. பிறகும் வரேல்லை.

நாலஞ்சு வருசம் கழிச்சு ஒரு கலியாண வீட்டு பேண்டில வாசிக்கப் போனன். கடைசியில பைலா தொடங்கிட்டுது, நான் தடுமாறுறன், கோர்ட் (சுரக்கூட்டு) சரி, விழுற இடம் பிழை. பிரேக்கில ட்ரம்ஸ் வாசிச்ச அண்ணை வந்து என்ர கீபோர்ட் ஸ்டாண்டில தட்டிக் காட்டினவர். இடக்கையில ரெண்டு, வலக்கையில மூண்டு. ஆறு எண்ணிக்கையை ரெண்டு மூண்டாவும் பிரிக்கலாம், மூண்டு ரெண்டாவும் பிரிக்கலாம், ரெண்டையும் ஒரே நேரத்தில மனசில வச்சிருந்தாத்தான் பைலா ஆடும் எண்டார். ஃபைல் கவரில கேட்ட அதே தட்டு. மினுவெட்டில அவன் விட்டது எண்ணத் தெரியாத பிழை இல்லை, அவனுக்கு அந்த ஆறு ரெண்டு விதமாவும் கேட்டிருக்கு, எனக்கு ஒரு விதமாத்தான் கேட்டிருக்கு. மியூசிக் தியரியில பெரிய வகுப்புக்கு வந்தாப் பிறகு நான் பிள்ளைகளுக்கு மினக்கெட்டு விளங்கப்படுத்திற விசயம், அந்த 12 வயசுப் பெடியன்ர விரலில சும்மா கிடந்துது.

அவன்ர அம்மாவைப் பிறகு ஒருக்கா வெள்ளவத்தை மார்க்கெட்டில கண்டனான். நல்லாத்தான் கதைச்சவ. கீபோர்ட் அலுமாரிக்கு மேல பெட்சீட் சுத்தி வச்சிருக்காம், விக்க மனம் வரேல்லையாம்.

சரி, பாட்டு ரேஸ்ட்டுக்கும் (ரசனைக்கும்) மூளைக்கும் தொடர்பே இல்லையா எண்டு கேப்பியள். இல்லவே இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன், அதுவும் பொய். 2003இல ரென்ட்ஃப்ரோவும் கொஸ்லிங்கும் அமெரிக்கப் பிள்ளைகளை வச்சுப் பாக்கேக்க ஜாஸ், கிளாசிக்கல், புளூஸ் பக்கம் போற ஆக்கள் சொல் அறிவுப் பரீட்சையில கொஞ்சம் கூட எடுத்திருக்கினம். ஆனா அதை விடப் பலமான தொடர்பு புதுசு தேடுற குணத்தோட. குரோஷியாவில ஹைஸ்கூல் பிள்ளைகளைப் பாத்த 2019 ஆராய்ச்சியில பாட்டு வரி இல்லாத இசையை விரும்புறதுக்கும் மூளைப் பரீட்சை மார்க்ஸுக்கும் ஒரு சின்னத் தொடர்பு வருது, வரியோட இருக்கிற பாட்டுக்கு வரேல்லை. இதெல்லாம் நூற்றுக்கணக்கான ஆக்களைச் சேத்துப் பாக்கேக்க தெரியிற ஒரு சின்னச் சாய்வு. உங்களுக்கு முன்னால ஸ்டூலில இருக்கிற ஒரு பிள்ளையைப் பற்றி அது ஒண்டும் சொல்லாது.

முந்தி இன்டர்நெட்டில எந்தப் பாட்டுக் கேக்கிறவை கெட்டிக்காரர் எண்டு காட்டுற ஒரு சார்ட் சுத்தினது, இப்பவும் யாராவது எனக்கு வாட்ஸப்பில அனுப்புவினம். பீத்தோவன் கேக்கிறவை உச்சியில, ராப் பாடகர் லில் வெய்ன் கேக்கிறவை அடியில. அதைச் செய்த பெடியன் எடுத்தது ஒவ்வொரு கொலேஜிலயும் ஃபேஸ்புக்கில கூடப் பேர் போட்ட பாட்டுக்காரரையும், அந்தக் கொலேஜின்ர சராசரி எஸ்.ஏ.ரி. (அமெரிக்காவில கொலேஜுக்குப் போக எடுக்கிற சோதினை) மார்க்ஸையும். ஒரு ஆளின்ர மார்க்ஸை அதே ஆளின்ர பாட்டோட ஒப்பிடவே இல்லை. எஸ்.ஏ.ரி. மார்க்ஸோ வீட்டு வருமானத்தோட கூட ஏறுற மார்க்ஸ். கொழும்பில ஸ்கூல் வான்களில என்ன பாட்டுப் போகுது எண்டு எழுதி, அந்தந்த ஸ்கூலின்ர ஸ்கொலர்ஷிப் கட்-ஓஃப்புக்குப் பக்கத்தில வச்சுப் பாருங்கோ, உங்களுக்கும் அழகான சார்ட் வரும். ஆனா அதில தெரியிறது வான் எந்த ரோட்டால வருது எண்டதும் டிரைவர் எந்த ஊர் எண்டதும்தான்.

பாட்டு ஒட்டுறதே பக்கத்தில இருக்கிறவையால. 2006இல மூண்டு ஆராய்ச்சியாளர் 14,000க்கு மேல ஆக்களுக்கு யாரும் கேள்விப்படாத பேண்டுகளின்ர 48 பாட்டைக் குடுத்து, ஆக்களைக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சு, மற்றவை எதை டவுன்லோட் செய்யினம் எண்டு அந்தந்தக் கூட்டத்துக்குக் காட்டினவை. ஒரு கூட்டத்தில முதலாவதா வந்த அதே பாட்டு இன்னொரு கூட்டத்தில 40ஆவது. பாட்டு ஒண்டுதான், கேட்ட ஆக்களும் ஒரே மாதிரி ஆக்கள்தான். அப்ப கொட்டாஞ்சேனை பஸ்ஸில ஒவ்வொரு கிழமையும் வந்த பிள்ளைக்குப் பைலா பிடிச்சதில என்ன அதிசயம்?

இந்தப் பிழையை ஒரு நாட்டு அரசாங்கமே விட்டிருக்கு, அதால நல்லா வந்தது எங்கட கொழும்பு. 1952இல இந்தியாவில தகவல் ஒலிபரப்பு மந்திரியா இருந்த கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு தரம் குறைஞ்சது எண்டு எண்ணம், ஆல் இந்தியா ரேடியோவில அது கிட்டத்தட்ட இல்லாமலே போயிட்டுது. சனம் என்ன செய்தது, ரேடியோ சிலோனுக்குத் திருப்பிட்டுது. அமீன் சயானியின்ர பினாக்கா கீத்மாலா எண்ட ஹிந்திச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி இஞ்ச இருந்துதான் போனது, இந்தியா முழுக்க ஆக்கள் அதுக்காகக் காத்துக்கொண்டிருந்தவை. 1957இல விவித் பாரதி எண்டு ஒரு ரேடியோ சேவை தொடங்கி அவையளே சினிமாப் பாட்டுப் போட வேண்டி வந்துட்டுது. அந்த அஞ்சு வருசமும் கொழும்பைக் கேட்ட அவ்வளவு பேரும் மொக்கரா? டொக்டர்மார், வக்கீல்மார், கணக்கு வாத்திமார் எல்லாரும் அதுக்குள்ள இருந்திருப்பினம்.

பாட்டு வரி லேசு எண்டா பாட்டும் லேசு எண்டு நினைக்கிறது

சிலோன் மனோகரனின்ர பைலாப் பாட்டு "சுராங்கனி"யை இடக்கைத் தாளத்தோட ஒழுங்கா வாசிச்சுக் காட்டிப்போட்டு வந்து கதையுங்கோ.

அம்மா அப்பாட ரேஸ்ட்டைப் பிள்ளையின்ர ரேஸ்ட் எண்டு எழுதிறது

பிள்ளையைத் தனியாக் கேளுங்கோ.

"எனக்குப் பாட்டே பிடிக்காது" எண்ட பிள்ளையைப் பாத்துப் பயப்பிடுறது

அப்பிடி ஆக்கள் இருக்கினம். பார்சிலோனாவில 2014இல இதைப் பற்றி ஒரு ஆராய்ச்சி வந்தது, காது சரியா இருக்கு, சோகப் பாட்டா சந்தோசப் பாட்டா எண்டு சரியாச் சொல்லுவினம், காசு கிடைக்கிற விளையாட்டு எண்டா மற்றவை மாதிரியே சந்தோசப்படுவினம், பாட்டில மட்டும் ஒண்டும் வராது. அது மந்தமும் இல்லை வருத்தமும் இல்லை. என்னட்டை அப்பிடி ஒரு பிள்ளை வந்தது, அம்மா அழுறா, ஏதோ குறை எண்டு. ரெண்டு மாசம் பாத்துப்போட்டு செஸ் கிளாஸுக்கு விடச் சொன்னனான். அதையும் மூளை குறைவு எண்டு யாராவது அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தா?

ரேஸ்ட்டை மாத்திறதை ஒரு பாடமா வைக்கிறது

வேண்டாம். பக்கத்தில இன்னொண்டை வையுங்கோ, போதும்.

ரேஸ்ட்டைக் கேட்டுப்போட்டு அதோட விடுறது

என்ன பாட்டு எண்டு கேக்கிறது பேர் கேக்கிற மாதிரி. அந்தப் பாட்டில எந்த இடம் பிடிக்கும், அந்த இடத்துக்கு முன்னால என்ன நடக்குது, இது ரெண்டையும் கேளுங்கோ. "சும்மா பிடிக்கும்" எண்டு சொல்ற பிள்ளையும் இருக்கும், அதுவும் சரிதான், இன்னும் ரெண்டு கிழமை கழிச்சுக் கேளுங்கோ. சில பிள்ளைகள் சொல்லுற பதில் பெரிய ஆக்கள் கட்டுரை எழுதியும் சொல்லாத பதில்.

தங்கச்சியோட அண்டைக்கே இருந்து கதைச்சனான். முதல்ல முகம் வாடிட்டுது, பிறகு அவவே அந்த அம்மாவுக்குக் கோல் எடுத்து நான் பிழையாச் சொல்லிட்டன் ஆன்ட்டி எண்டு சொன்னவ. இந்தச் சனிக்கிழமை அந்தப் பிள்ளை ஃபோனில பாட்டோட வந்தது. தொடக்கத்தில போடப் பயம், அம்மாவைப் பாத்துது. போட்டு, ஒரு இடத்தில நிப்பாட்டி, "இஞ்ச மிஸ், பேஸ் ஒருக்கா நிண்டுட்டுத் திரும்ப வருது, அப்பதான் வயித்துக்குள்ள ஒரு மாதிரி இருக்கும்" எண்டுது. நாங்கள் மூண்டு பேரும் அந்த இடத்தை ஆறேழு தரம் திருப்பிக் கேட்டம். பேஸ் எண்ட அந்த அடிச் சத்தம் நிக்கிறது சரியா ஒரு சுத்து. இப்ப அதை இடக்கையால வாசிக்கப் பாக்குது, நிப்பாட்டுறது சரியா வருது, திரும்ப வாறதுதான் அரைத் தட்டுப் பிந்துது.